பந்து தன்னிடம் இல்லாத பிள்ளை

செந்தூலில் நாங்கள் பயிற்சி நடத்தும் டென்னிஸ் திடலுக்குச் சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கெல்லாம் பிள்ளைகள் வந்து சேர்ந்துவிடுவார்கள். பத்து மணிக்கு மேல் தரையின் சூடு காலணிக்குள் ஏறிவிடும். மாலையில் வைத்துக்கொள்ளலாம் என்றால் கோலாலம்பூரின் மழை நான்கு மணிவாக்கில் இடியோடு வந்துவிடும். எங்களுக்குக் கிடைப்பது அந்த இரண்டரை மணி நேரம்தான். தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை பயிலும் பதினான்கு பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் நான் பெரும்பாலும் இரட்டையர் ஆட்டத்தையே கற்பிக்கிறேன், அதுவும் போட்டியில் ஆடுவதற்காக.

இதைக் கேள்விப்படும் பெற்றோர் பலர் முதலில் தயங்குகிறார்கள். பிள்ளை முதலில் தனியாக ஆடப் பழகட்டும், மட்டை வீச்சும், ஆட்டத்தைத் தொடங்கும் அடியான சர்வும் உருப்படட்டும், இரட்டையர் ஆட்டம் பிறகு தானாக வந்துவிடும் என்பது அவர்களுடைய கணக்கு. பயிற்சியாளர்களிலும் பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன்தான். அந்த நினைப்பினால் ஒரு சிறுமியை டென்னிஸிலிருந்தே விரட்டிவிட்டேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

நான் பயிற்சி தொடங்கிய முதல் ஆண்டு அது. ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனை நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியோடு ஜோடி சேர்த்து ஒரு சிறுவர் போட்டிக்கு அனுப்பினேன். பையன் நல்ல கைகாரன். ஆட்டத்துக்கு முன்பு அவனைத் தனியே அழைத்து, "முடிஞ்ச பந்தையெல்லாம் நீயே எடுத்துக்கோ" என்றேன். அவன் அப்படியே செய்தான், இரண்டு சுற்றுகளில் வென்றார்கள். அந்த இரண்டு ஆட்டங்களிலும் சிறுமி தன் முறைக்குச் சர்வ் போட்டதையும், தனக்கு வந்த சர்வைத் திருப்பியதையும் தவிர வேறு எதற்கும் பந்தைத் தொடவில்லை. மூன்று வாரம் கழித்து அவள் வருவதை நிறுத்திவிட்டாள். நான் தொலைபேசியில் அழைத்தபோது அவளுடைய அம்மா கோபமே இல்லாமல் சொன்னார்: "அவ அங்க சும்மாதான் நிக்கிறா, மாஸ்டர்."

அந்த வாக்கியத்தை நான் நெடுநாள் சுமந்துகொண்டிருந்தேன். இரட்டையர் திடலில் நான்கு பேர் நிற்கிறார்கள். எந்தக் கணத்தை எடுத்துக்கொண்டாலும் பந்தை அடிப்பவர் ஒருவர். மற்ற மூவர் அடிக்காமல் இருக்கிறார்கள். ஒரு பிள்ளை ஒரு மணி நேரம் ஆடினால் அதில் மிகப் பெரும்பகுதி பந்து தன்னிடம் இல்லாத நேரம். நாமோ பந்து மட்டையில் படும் அந்த நொடியை மட்டும் ஆண்டுக்கணக்காகக் கற்பித்துவிட்டு, மீதி நேரத்தைப் பிள்ளையின் போக்குக்கு விட்டுவிடுகிறோம். அந்தச் சிறுமி சும்மா நின்றதற்குக் காரணம் அவளுடைய திறமைக் குறைவு அன்று. பந்து இணையிடம் இருக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு யாருமே சொல்லித் தரவில்லை.

அதனால் இப்போது நான் தொடங்குவதே அங்கிருந்துதான். வலை அருகே நிற்கும் பிள்ளையின் கண் எங்கே இருக்க வேண்டும் என்பதே முதல் பாடம். தன் இணை பின்னால் பந்தை அடிக்கும்போது சிறு பிள்ளைகள் எல்லோரும் தலையைத் திருப்பி அதைப் பார்ப்பார்கள்; இயல்பான ஆர்வம். அவர்கள் முகத்தை முன்னால் திருப்புவதற்குள் எதிரணியின் வலை ஆட்டக்காரர் அந்தப் பந்தை மறித்து இவர்கள் காலடியில் அடித்திருப்பார். இணை அடிக்கும்போது பார்க்க வேண்டியது எதிரே வலை அருகில் நிற்பவரை. அவர் மட்டை அசைந்தால் ஆபத்து. அவரைப் பந்து தாண்டிவிட்டால், உடனே பார்வை பின்கோட்டில் நிற்கும் எதிராளியிடம் போக வேண்டும். அவர் அடிக்கும் கணத்தில் இரண்டு கால்களும் சிறு துள்ளல் துள்ளித் தரையில் பதிய வேண்டும். இதைக் கற்பிக்க நான் பிள்ளைகளிடம் மட்டையே கொடுப்பதில்லை. வெறுங்கையோடு வலையருகே நின்று, எதிரே நிற்பவர், பின்கோட்டில் நிற்பவர், துள்ளல் என்று முறை மாறாமல் செய்ய வேண்டும். பத்து நிமிடம் இப்படி நின்றால் ஒரு பந்தையும் தொடாமலே பிள்ளைக்கு மூச்சு வாங்கும். சும்மா நிற்பதற்கும் ஆடாமல் ஆடுவதற்கும் உள்ள வேறுபாடு அப்போது அவர்களுக்குத் தானாகவே விளங்கிவிடுகிறது.

இரண்டாவது பாடத்துக்குத் துணி காயப்போடும் கயிறு வேண்டும். மூன்று மீட்டர் அளவுக்கு வெட்டி, ஒரு முனையை ஒரு பிள்ளையின் இடது கையிலும் மறு முனையை இணையின் வலது கையிலும் கொடுத்துவிடுவேன். நான் எதிர்ப்பக்கம் நின்று பந்தை இடம், வலம், முன், பின் என்று மாற்றி மாற்றி உருட்டுவேன். கயிறு தொய்யக் கூடாது, இழுபடவும் கூடாது. ஒரு பிள்ளை இடப்பக்கம் பந்துக்காகப் போனால் மற்றவரும் அதே பக்கம் நகர வேண்டும். இது பிள்ளைகளின் இயல்புக்கு நேர் எதிரானது. தன் பங்கு இடத்தைக் காவல் காப்பதுதான் கடமை என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். இரட்டையர் திடலின் அகலம் 10.97 மீட்டர். அதைச் சரிபாதியாகப் பிரித்துக் கொண்டு அவரவர் பாதியில் நின்றால் நடுவில் லாரி போகும் அளவுக்கு இடைவெளி விழும். கயிறு அந்த இடைவெளியைக் கையில் உணர வைக்கிறது. பொங்கல் விழாவுக்குக் கோலாட்டம் பழகிய இரண்டு சிறுமிகள் இந்தப் பயிற்சியை முதல் நாளிலேயே பிடித்துக்கொண்டார்கள். தன் கோலைப் பார்க்காமல் எதிரில் இருப்பவளின் கோலைப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு ஏற்கெனவே இருந்தது.

ஆனால் கயிறும் பார்வையும் போதாது, வாய் திறக்க வேண்டும். நடுவில் வரும் பந்து யாருடையது என்பதே சிறுவர் இரட்டையரில் பாதிப் புள்ளிகளைத் தீர்மானிக்கிறது. இருவரும் வலக்கைக்காரர்கள் என்றால் இடப்பக்கம் நிற்பவருக்கு நடுப்பந்து முன்கை வீச்சில் அமையும், ஆகவே அவர் எடுக்க வேண்டும் என்பது பொதுவழக்கு. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஓடும் பந்தின் நடுவே அந்தக் கணக்கு தோன்றாது. அதனால் எங்கள் திடலில் ஒரே சட்டம்தான்: முதலில் குரல் கொடுத்தவருக்குப் பந்து.

எந்தச் சொல்லால் குரல் கொடுப்பது என்பதில் நான் நிறையவே தடுமாறினேன். ஆங்கிலத்தில் மற்ற பயிற்சியாளர்கள் சொல்லும் சொற்களையே முதலில் கொடுத்தேன். அவசரத்தில் பிள்ளைகள் அவற்றை மாற்றிச் சொன்னார்கள். தன்னுடையது என்று சொல்லிவிட்டு விலகினார்கள். பிறகு தமிழுக்கு வந்தேன். "என்னுடையது" என்று முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் பந்து பின்கோட்டைத் தாண்டிவிடும். கடைசியில் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். "நான்", "நீ" என்று ஆளுக்கு ஓரசை. வெளியே போகும் பந்துக்கு "விடு". உயரத் தூக்கி அடிக்கும் லாப் பந்து தலைக்கு மேல் போய், பின்னால் இருப்பவர் அதைத் துரத்தி எதிர்ப்பக்கம் ஓடும்போது "மாறு" என்றால் வலையருகே நிற்பவர் பக்கம் மாற வேண்டும். நான்கு சொற்கள், நான்கும் குறுகியவை, வீட்டில் தினமும் புழங்குபவை. பதற்றத்தில் பிள்ளையின் வாயில் முதலில் வருவது வீட்டுச் சொல்தான் என்பதை நான் அன்று புரிந்துகொண்டேன். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லித் தர வேண்டும்: பந்து நம்மை நோக்கி வரும்போது மட்டும்தான் பேச வேண்டும். அது எதிரணியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போது கத்தினால் இடையூறு என்று நடுவர் புள்ளியை அவர்களுக்குக் கொடுத்துவிடலாம்.

நம் நாட்டுப் பிள்ளைகள் இதற்கெல்லாம் வெறுங்கையோடு வருவதில்லை என்பது பெரிய ஆறுதல். அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்திலோ சாலையோரத்திலோ பூப்பந்து (பேட்மின்டன்) ஆடாத பிள்ளை எங்கள் குழுவில் ஒருவருமில்லை, அதுவும் பெரும்பாலும் இரண்டுக்கு இரண்டு. மலேசியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கமே இரட்டையரில்தான் வந்தது. 1992-இல் பார்சிலோனாவில் ரசிப் சிடேக், ஜலானி சிடேக் சகோதரர்கள் வென்ற வெண்கலம் அது. 2022-இல் தோக்கியோவில் ஆரோன் சியாவும் சோ வூய் யிக்கும் பெற்றுத் தந்த, உலகப் பூப்பந்துப் போட்டியில் நாட்டின் முதல் வாகையர் பட்டமும் இரட்டையரில்தான். அதே ஆண்டு பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் பெர்லி டானோடு சேர்ந்து தங்கம் வென்று, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அரையிறுதி வரை போன தினா முரளிதரனைப் பற்றி எங்கள் சிறுமிகளிடம் நான் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. அவர்கள்தான் எனக்குச் சொல்வார்கள். டென்னிஸ் இரட்டையருக்கு 1999-இல் நான்கு பெருந்தொடர்களின் இறுதிச் சுற்றுக்கும் சென்று பிரெஞ்சு ஓப்பனையும் விம்பிள்டனையும் வென்ற லியாண்டர் பயஸ், மகேஷ் பூபதி இருவரையும் நான் எடுத்துக் காட்டுவதுண்டு. ஆனால் பூப்பந்தைச் சொன்னால்தான் பிள்ளைகளின் கண்ணில் ஒளி வருகிறது.

பூப்பந்திலிருந்து அவர்கள் கொண்டுவருவதில் நல்லதும் உண்டு, மாற்ற வேண்டியதும் உண்டு. வலையருகே மட்டையை மார்புக்கு மேல் தூக்கி வைத்திருக்கும் வழக்கம் பெரிய வரம்; டென்னிஸ் மட்டும் பழகிய பிள்ளைக்கு அதைக் கற்பிக்கவே மாதங்கள் ஆகும். மணிக்கட்டைச் சொடுக்கி அடிப்பதை மட்டும் விடவைக்க வேண்டும், ஏனென்றால் டென்னிஸ் பந்தின் கனம் பிஞ்சுக் கையை வலிக்கச் செய்துவிடும். சர்வ் முறையிலும் குழப்பம் வரும். பூப்பந்தில் புள்ளிக்குப் புள்ளி சர்வ் மாறலாம். டென்னிஸில் பல புள்ளிகள் சேர்ந்த ஒரு கேம் முழுவதும் ஒருவரே சர்வ் போடுவார், நான்கு கேம்களில் நால்வருக்கும் ஒரு முறை வரும், சர்வை எதிர்கொள்ளும் பக்கத்தை, பல கேம்கள் சேர்ந்த செட் முடியும்வரை மாற்றக் கூடாது.

பந்தையும் திடலையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பெற்றோர் செய்யும் செலவு பல நேரங்களில் வீணாகிறது. உலக டென்னிஸ் கூட்டமைப்பு 2012 முதல் பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தைப் பயன்படுத்தக் கூடாது என்று விதித்திருக்கிறது. சிவப்புப் பந்து அதைவிட ஏறத்தாழ 75 விழுக்காடும், ஆரஞ்சுப் பந்து 50 விழுக்காடும், பச்சைப் பந்து 25 விழுக்காடும் மெதுவாக வரும். இரட்டையருக்கு இது உயிர்நாடி. மஞ்சள் பந்தில் லாப் அடித்தால் அது தரையில் குத்தி எட்டு வயதுப் பிள்ளையின் தலைக்கு மேலே எழும்பிப் போய்விடும். பிறகு வலையருகே நிற்க எந்தப் பிள்ளையும் துணியாது, நால்வரும் பின்கோட்டில் நின்று உயரப் பந்து வீசிக்கொண்டே இருப்பார்கள். மட்டையும் அப்படியே. பெரியவர்களின் 27 அங்குல மட்டையை "வளர்ந்ததும் உதவும்" என்று வாங்கித் தருவதை நான் தடுத்துக்கொண்டே இருக்கிறேன். ஏழு வயதுக்கு 23, ஒன்பது வயதுக்கு 25 அங்குலம் போதும். டென்னிஸ் திடல் இல்லாத பள்ளிகள் மனம் தளர வேண்டியதில்லை. 13.4 மீட்டர் நீளமும் 6.1 மீட்டர் அகலமும் கொண்ட பூப்பந்துக் களம் ஏறக்குறைய சிவப்புப் பந்துக்கான அளவுதான். வலையை 80 சென்டிமீட்டருக்கு இறக்கிக் கட்டினால் பள்ளி மண்டபத்திலேயே இரட்டையர் தொடங்கிவிடலாம்.

போட்டி என்று வரும்போது கற்பிக்க வேண்டியது வேறொன்று. வலையருகே நிற்கும் பிள்ளை தன் ஓரக்கோட்டை ஒட்டிப் பந்து கடந்துவிட்டால் அதைப் பெரும் அவமானமாக எடுத்துக்கொள்கிறது. உடனே ஓரத்துக்கு நகர்ந்து ஒட்டிக்கொள்கிறது, நடுவெல்லாம் திறந்து கிடக்கிறது. வலை நடுவில் 91.4 சென்டிமீட்டர், கம்பங்களின் அருகே 1.07 மீட்டர். ஓரமாக அடிப்பவர் உயரமான வலைக்கு மேல், குறுகிய தூரத்துக்குள் பந்தை இறக்க வேண்டும். அது கடினமான அடி. அதனால் நான் பிள்ளைகளிடம் ஒரு செட்டில் மூன்று முறை ஓரத்தில் கடந்து போகட்டும், மூன்றுக்கும் நானே பொறுப்பு என்று சொல்லியிருக்கிறேன். இப்போது அவர்கள் ஓரத்தில் அடிபட்டதும் என்னைப் பார்த்து விரலால் எண்ணிக்கை காட்டிவிட்டு நடுவுக்கு நகர்கிறார்கள்.

பிள்ளைகள் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்பதையும் நான் நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு தவறான அடிக்கும் இணையிடம் "சாரி" சொல்லும் பழக்கம் பார்க்க நல்ல பண்பாகத் தெரியும். நான்கு கேம் கழித்துப் பார்த்தால், எப்போதும் ஒரே பிள்ளைதான் சொல்லிக்கொண்டிருக்கும், மற்ற பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கும். ஜோடிக்குள் மேல் கீழ் அங்கேதான் பிறக்கிறது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு புள்ளிக்குப் பிறகும், வென்றாலும் தோற்றாலும், இருவரும் நடுவில் வந்து மட்டை தொட்டு, அடுத்த புள்ளியைப் பற்றி ஒரு சொல் பேச வேண்டும். எங்கே சர்வ், யார் முன்னே என்று ஏதாவது ஒன்று.

பெற்றோருக்கு இது எளிதில் ஒப்பாது. "மாஸ்டர், அந்தப் பிள்ளையாலதான் என் பையன் தோத்தான். அவனுக்கு வேற ஜோடி போடுங்க" என்று ஓர் அப்பா வேலிக்கு வெளியே நின்று என்னிடம் சொன்னார், இரண்டு பிள்ளைகளும் கேட்கும் தூரத்தில்தான் இருந்தார்கள். நான் அவரை மறுவாரம் ஆட்டத்தைப் பார்க்க அழைத்து, கையில் ஒரு தாளைக் கொடுத்தேன். அவருடைய மகன் பந்தை அடிப்பதை எழுத வேண்டாம். இணை பந்தை அடிக்கும்போது மகன் என்ன செய்கிறான் என்பதை மட்டும் குறித்துத் தாருங்கள் என்றேன். ஒரு செட் முடிந்ததும் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், என்னிடம் காட்டவில்லை. ஜோடியை மாற்றச் சொல்லிப் பிறகு அவர் கேட்கவும் இல்லை.

அந்த ஜோடியை நான் இன்றுவரை மாற்றவில்லை. பையன் ஐந்தாம் ஆண்டு, வலுவான அடி. சிறுமி நான்காம் ஆண்டு, அடியில் வேகம் இல்லை, ஆனால் குறுக்காகத் திருப்பும் பந்தைத் தவறவிடுவது அரிது. சில வாரங்களுக்கு முன்பு ஜாலான் டூத்தாவில் ஒரு சிறுவர் போட்டிக்கு அவர்களை அழைத்துப் போயிருந்தேன். நான்கு கேம் செட், அட்வான்டேஜ் இல்லாத முறை. தொழில்முறை ஆண்கள் இரட்டையரின் பெரும்பாலான தொடர்களில் 2006 முதல் இருப்பதைப் போலவே, 40-40 என்று சமநிலை வந்தால், இரண்டு புள்ளி முன்னிலைக்குக் காத்திராமல் அடுத்த ஒரே புள்ளியில் கேம் முடிந்துவிடும். அந்தப் புள்ளிக்கு இருவரில் யார் சர்வை எதிர்கொள்வது என்று திருப்பும் அணிதான் முடிவு செய்ய வேண்டும். இரண்டாவது செட்டில், தோற்றால் வெளியேற வேண்டிய நிலையில், அப்படி ஒரு புள்ளி வந்தது.

இருவரும் நடுவுக்கு வந்தார்கள். வேலிக்கு வெளியே இருந்த எல்லோரும், நான் உட்பட, பையன்தான் எடுப்பான் என்று நினைத்தோம். அவன் அவளிடம் என்னவோ சொன்னான். அவள் தலையசைத்துத் தன் இடப்பக்கத்துக்கே போய் நின்றாள். அவன் வலையருகே போய், துள்ளலுக்குத் தயாராகக் காலை அகட்டிக்கொண்டான். அப்போதுதான் கவனித்தேன், அவன் கண் அவளைத் திரும்பிப் பார்க்கவே இல்லை, எதிரே வலையில் நின்ற பையன் மேலேயே இருந்தது.

சர்வ் அவளுடைய பின்கைக்கு வந்தது. குறுக்காக, வேகமில்லாமல், ஆனால் வலையை உரசியபடி திருப்பினாள். எதிரணி அதை நடுவில் உயரமாகத் தூக்கியது. அவள் முன்னே வந்தாள், அவன் பின்னே நகர்ந்தான். பந்து இருவருக்கும் நடுவே இறங்கியபோது இரண்டு மட்டைகளும் உயர்ந்தன, இரண்டும் நின்றன. பந்து அவர்களுக்கு நடுவில் குத்தி வேலிக்குப் போய்விட்டது.

இருவரும் சிறிது நேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு வலைக்குப் போய் எதிரணிக்குக் கை கொடுத்துவிட்டு, மட்டை தொட்டுக்கொண்டார்கள். வேனில் திரும்பும் வழியெல்லாம் பின்னிருக்கையில் அவர்கள் வாதாடிக்கொண்டே வந்தார்கள்.

"நான் 'நீ'ன்னு சொன்னேன்."

"எனக்குக் கேக்கவே இல்ல."

"நீயும் ஒண்ணும் சொல்லல. நான் சத்தமாத்தான் சொன்னேன்."

"பொய். அடுத்த வாரம் அந்தக் கடைசி மூலையில நின்னு சொல்லு பாப்போம், சாருக்குக் கேக்குதான்னு."

ஈப்போ சாலை நெரிசலில் வேன் நின்றபோது அவள் எழுந்து, முன்னிருக்கையின் மேல் தலையை நீட்டி, அடுத்த சனிக்கிழமை கயிறு வேண்டாம், கத்துவதை மட்டும் பழகலாமா என்று என்னிடம் கேட்டாள்.